ஃபெயில் ஆன ஒருவனைக் காட்டுங்கள்

மகனே,

நலம் விசாரித்துத் தொடங்க எனக்கு இன்று பொறுமை இல்லை. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குப் பொன்னேரி ரிஜிஸ்டர் ஆபீஸுக்கு நான் வந்து நிற்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாய். ஊத்துக்கோட்டை அரிசி மில்காரர் பத்திரத்தோடு வருவார், நான் கையெழுத்துப் போட வேண்டும், நம்முடைய முக்கால் ஏக்கர் அவருக்குப் போகும், அந்தத் தொகை மவுண்ட் ரோட்டு ஏஜெண்டுக்குப் போகும், நீ வெளிநாடு போய் ஜெட் விமானம் ஓட்டப் பழகுவாய், பிறகு ஏதோ ஒரு விமானக் கம்பெனி உன்னை வேலைக்கு எடுக்கும். இந்த வரிசையில் முதல் காரியம் என் கையில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மின்வெட்டால் தொழிற்சாலையில் இந்த வாரம் அரை ஷிப்டுதான். மீதி நேரம் வீட்டுக்கும் டீக்கடைக்குமாக நடக்கிறேன். உட்கார்ந்தால் எழுந்துவிடுகிறேன். உன் அம்மா பார்த்துப் பார்த்துச் சலித்துப்போய், "காலு தேயப்போவுது. சொல்றத எழுதித்தான் தொலையேன்" என்றாள். எழுதுகிறேன்.

இதன் ஒரு பிரதியை நம் தொழிற்சங்கத்தின் மாத இதழுக்கும் கொடுக்கப்போகிறேன். உன் பெயர் இருக்காது, என் பெயரும் இருக்காது. வீட்டு விஷயத்தை ஊருக்குச் சொல்வதா என்று நீ கோபப்படலாம். இதில் பாதி உன்னிடம் சொல்ல வேண்டியது. மறுபாதி இந்தக் கும்மிடிப்பூண்டிப் பையன்களிடம் நான் எப்போதோ சொல்லியிருக்க வேண்டியது. இரண்டையும் பிரித்து எழுத எனக்குத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நீ அந்த வழவழப்பான காகிதத்தைப் பாயில் விரித்து வைத்தாய். அதில் ஒரு விமானமும், அதன் படியில் தொப்பி போட்ட நான்கு பேரும் இருந்தார்கள். உன் அம்மா அதைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள்.

"நீ ஓட்டிக்கினு இருந்த பிளேனு வேற, இது வேறயா?"

"வேறம்மா. அது சைக்கிள்னு வச்சுக்கோ, இது லாரி. லாரி ஓட்ட தனியா கத்துக்கணும்."

"அப்ப லாரி வச்சிக்கிறவன்தானே கத்துக் குடுக்கணும்? நாளைக்கு உனக்கு ஒருத்தி வாக்கப்பட்டு வர்றா. நம்ம ஊட்டு அடுப்புல சோறு பொங்கக் கத்துக்குடுக்க அவகிட்ட டப்பு கேப்பனா நானு?"

நீ சிரித்தாய். நானும் சிரித்தேன். உன் அம்மா சிரிக்கவில்லை. அவள் உண்மையாகத்தான் கேட்டாள். நீ என் பக்கம் திரும்பி, "நைனா, எல்லாரும் கட்றாங்க. நான் கட்டலன்னா எனக்குப் பின்னாடி நிக்கறவன் கட்டிக்கினு முன்னால போயிடுவான். அப்புறம் நான் கிளார்க்காவே சாவ வேண்டியதுதான்" என்றாய். அந்தக் கடைசி வார்த்தை எனக்குள் இன்னும் இறங்கிக்கொண்டே இருக்கிறது.

நீ சொல்வது பொய் இல்லை. அதை முதலில் எழுதிவிடுகிறேன். மீனம்பாக்கம் கிளப்பில் அரசு மானியத்தோடு பறந்து, பரீட்சை எல்லாம் முடித்து, விமானம் ஓட்டும் லைசென்ஸைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, துறைமுகத்துக்கு எதிரே ஒரு கப்பல் ஏஜென்சியில் சரக்குச் சீட்டு எழுதுகிறாய். உன்னைப் போல் லைசென்ஸ் வைத்துக்கொண்டு வேலைக்குக் காத்திருப்பவர்களுக்கு ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் உன் பெயர் எங்கேயோ அடியில் கிடக்கிறது. லைசென்ஸ் சாகாமல் இருக்க வேண்டுமானால் வருஷத்தில் சில மணி நேரமாவது பறந்து காட்ட வேண்டும், அதற்கும் செலவு. ஆளைப் படிக்க வைத்து, வானத்தில் ஏற்றிப் பழக்கிவிட்டு, பிறகு தரையில் வரிசையில் நிறுத்தி வைப்பது எந்த நியாயம் என்று எனக்கு இதுவரை யாரும் சொல்லவில்லை. இந்த நாட்டில் திட்டம் போடுகிறவர்கள் யாரும் வரிசையில் நின்றவர்கள் இல்லை. ஆகவே காத்திரு, பொறுமையாக இரு என்று நான் உனக்குப் புத்தி சொல்ல வரவில்லை. எனக்கே பொறுமை கிடையாது.

நிலத்தின் மேல் ஆசையால் மறுக்கிறேன் என்றும் நினைக்காதே. என் அப்பா அடுத்தவன் வயலில் நடவுக்கும் அறுப்புக்கும் குனிந்தே கூன் விழுந்தவர். மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற கதை எல்லாம் மண் வைத்திருந்தவர்களுக்கு. எளாவூர்ப் பக்கம் நாம் வாங்கிய அந்த முக்கால் ஏக்கர் எனக்கு ஒரு பொருள், அவ்வளவுதான். நல்ல காரியத்துக்கு என்றால் நாளைக்கே விற்பேன், திரும்பிப் பார்க்க மாட்டேன். என் பிரச்சினை வேறு.

என் தொழிலை நான் கற்ற விதத்தைச் சொல்கிறேன். அறுபதுகளின் தொடக்கத்தில் மெட்ராஸில் ஒரு கப்பல் பழுதுபார்க்கும் பட்டறையில் நான் கேஸ் வைத்து இரும்பை வெட்டிக்கொண்டிருந்தேன். அப்போது கரண்ட் வெல்டிங் மெஷின்கள் வந்தன. வெட்டுகிறவனுக்கும் ஒட்டுகிறவனுக்கும் ஒரே நெருப்பு என்றுதான் நினைத்தேன். கையில் ஹோல்டரைப் பிடித்தபிறகு தெரிந்தது, இது வேறு பிழைப்பு என்று. எங்கள் ஃபோர்மேன் வாரக் கூலி குறையாமல் மூன்று மாதம் என்னைப் பழக விட்டார். நான் வீணாக்கிய வெல்டிங் ராடுகளை அடுக்கினால் ஒரு ஆள் உயரம் வரும். ஒரு ராடுக்குக்கூட யாரும் என்னிடம் விலை கேட்கவில்லை. இரண்டு இரும்புத் துண்டுகளை ஒரே தட்டாகப் பற்றவைத்து எடுத்துப் போனால் அவர் அதை வைஸ் இடுக்கியில் இறுக்கிச் சுத்தியலால் அடித்து வளைப்பார். பிளந்தால் என் காலடியில் எறிவார். "எடுத்துனு போ. உன் பொண்டாட்டி இதுல தோசை சுடட்டும்" என்பார். பத்து பேர் முன்னால் சொல்வார். மூன்று முறை சொன்னார். நாலாவது தட்டு வளைந்து நின்றது, பிளக்கவில்லை. அவர் ஒன்றும் சொல்லாமல் அடுத்தவனைக் கூப்பிட்டார். அந்த நிமிஷம் என் கைக்கு என்ன தெரியும் என்பது எனக்குத் தெரிந்தது. இந்த வயதில் யோசிக்கிறேன்: அந்த மனிதரால் எப்படி அவ்வளவு ஈவிரக்கம் இல்லாமல் உண்மை பேச முடிந்தது? என்னிடமிருந்து அவருக்கு எதுவும் வரவேண்டியதில்லை. நான் தேறாவிட்டால் நஷ்டம் பட்டறைக்கு. அதனால் என்னைத் தேற்றுவதில் அவருக்கு அக்கறை இருந்தது, பொய்யாகத் தேற்றுவதில் அவருக்கு லாபம் இல்லை.

பிறகு இங்கே தொழிற்பேட்டை வந்தது. ரயில் பாதைக்கும் கல்கத்தா ரோட்டுக்கும் நடுவில் இருந்த முள்ளுக்காட்டைச் சமன்படுத்தி ஒவ்வொன்றாகக் கொட்டகை எழும்பியது. இப்போதைய கம்பெனியில் நான் முதல் கிரேடு வெல்டராகச் சேர்ந்தேன், நாமும் மெட்ராஸை விட்டு இங்கே வந்தோம். ஆரம்பத்தில் கம்பெனியே உள்ளூர்ப் பையன்களை எடுத்து, சிறு உதவித்தொகை கொடுத்து, என் பக்கத்தில் நிறுத்திப் பழக்கியது. ஏர் பிடித்தவன், வலை இழுத்தவன், மாடு மேய்த்தவன் எல்லோரும் வந்தார்கள். பழவேற்காட்டிலிருந்து வந்த ஏழுமலை என்று ஒருவன். ஏரியில் இறால் பிடித்துக்கொண்டிருந்தவன். வலை முடிச்சுப் போட்டுப் பழகிய விரல். இரண்டே வாரத்தில் என்னைவிட அழகாகத் தையல் போட்டான் இரும்பில். அவன் இன்றைக்கும் எங்கள் கம்பெனியில் முதல் வரிசை ஆள்.

அந்த நல்ல காலத்தை முடித்து வைத்ததில் எனக்கும் பங்கு இருக்கிறது. லேபர் காண்ட்ராக்டர் ஒருவர் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் ஓலைக் கொட்டகை போட்டு, பழைய மெஷின் இரண்டு வாங்கி வைத்து, வெல்டிங் பயிற்சி என்று போர்டு மாட்டினார். ஷிப்டு முடிந்த பிறகு வந்து சொல்லிக்கொடுக்க என்னைக் கூப்பிட்டார். கட்டணத்தில் எனக்குப் பங்கு. நான் சந்தோஷமாகப் போனேன். பையன்கள் கட்டணம் கட்டிப் பழகுவார்கள், தேர்வுத் தட்டு பற்றவைப்பார்கள், தட்டு கம்பெனிக்குப் போகும், அங்கே வளைத்துப் பார்த்துப் பிளக்காதவனை வேலைக்கு எடுப்பார்கள். ஆறு மாதத்தில் கம்பெனி தன் சொந்தப் பயிற்சியை நிறுத்திவிட்டது. ஆள் எடுக்கும் பர்சனல் ஆபீசரிடம் போய்க் கேட்டேன். அவர் ஃபைலிலிருந்து தலையைத் தூக்காமல், "வெந்த சோறே வாசலுக்கு வருது. நாங்க எதுக்குப்பா அடுப்பு வெக்கணும்? உன் புண்ணியம்தான்" என்றார். அவர் கேலி செய்யவில்லை. பாராட்டினார். அதற்குப் பிறகு ஏரிக்கரைப் பையன்கள் யாரும் உள்ளே வரவில்லை. விற்க எருமையோ எழுதிக் கொடுக்க நிலமோ இருந்த வீட்டுப் பையன்கள் வந்தார்கள். இன்னொரு ஏழுமலை எங்கேயோ இறால் பிடித்துக்கொண்டு இருப்பான். அவனுக்கு இரும்பு வரும் என்று அவனுக்கே தெரியாது.

நீ எதிரில் உட்கார்ந்து, "நான் கட்டலன்னா பின்னாடி நிக்கறவன் கட்டுவான்" என்று சொன்னபோது எனக்கு அந்த ஆபீசரின் முகம் ஞாபகம் வந்தது. நீ கட்டுவாய், அவனும் கட்டுவான், பிறகு கட்டுவதே சட்டம் ஆகிவிடும். நேற்றுவரை தன் செலவில் விமானியைப் பழக்கிய கம்பெனி நாளைக்கு அடுப்பை அணைத்துவிடும். உனக்குப் பின்னால் வருகிறவனுக்கு முக்கால் ஏக்கர் இல்லை என்றால் அவன் வரிசையிலேயே இருக்க மாட்டான்.

ஆனால் இதுகூட என்னை இப்படி நடக்க வைக்கவில்லை. ஊர் நியாயத்துக்காக மகனுடைய வாழ்க்கையைக் கெடுக்கிறவன் அல்ல நான். என்னை உட்கார விடாதது தேவராஜ்.

தேவராஜை நீ பார்த்திருக்கிறாய். ஸ்டேஷன் பக்கத்தில் சைக்கிள் ஸ்டாண்டில் டோக்கன் கொடுக்கிறவன். வலது காலில் ரப்பர் துணி சுற்றியிருப்பான். கொட்டகைக்கு வந்தபோது அவனுக்கு உன் வயதுதான். அவன் அம்மா இரண்டு கறவை எருமைகளை விற்றுக் கட்டணம் கட்டினாள். நல்ல உழைப்பாளி, கெட்டிக்காரன், ஆனால் கை அவசரப்படும். நெருப்பு இரும்புக்குள் இறங்குவதற்கு முன்பே அடுத்த இடத்துக்குப் போய்விடுவான். மேலே பார்த்தால் தையல் அழகாக இருக்கும், அடியில் பிடித்திருக்காது. அவனுக்குத் தேவை இன்னும் ஒரு மாதம், கொஞ்சம் வசவு. அவ்வளவுதான்.

ஒவ்வொரு பையனும் தன் எண் குத்திய இரண்டு தட்டுகள் பற்றவைக்க வேண்டும். ஒன்றைக் கொட்டகையில் நானே வளைத்துப் பார்ப்பேன், இன்னொன்று கம்பெனிக்குப் போகும். அவன் எண் பதினேழு. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், பையன்கள் சாப்பிடப் போயிருந்தபோது, அவன் தட்டை வைஸில் வைத்து வளைத்தேன். பாதியில் பிளந்தது. காண்ட்ராக்டர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா மாஸ்டர், போச்சா?"

"போச்சு. இன்னும் ஒரு மாசம் வேணும்."

"எருமைய வித்துக் குடுத்துக்குதுய்யா அந்தம்மா. கெடு முடிஞ்சுபோச்சு, பையன வெறுங்கையோட அனுப்புனா நாளைக்கு நம்ம கொட்டாய்க்கு எவன் வருவான்? பேஜாரு பண்ணாத."

அவ்வளவுதான், அவர் டீ குடிக்கப் போய்விட்டார். பிறகு செய்தது முழுக்க நான். புதுத் தட்டு இரண்டு துண்டு எடுத்து, என் கையால் பற்றவைத்து, ஆறியதும் உளி எடுத்துப் பதினேழு என்று குத்தி, கம்பெனிக்குப் போகும் தட்டுக் கட்டிலிருந்து அவனுடையதை உருவிவிட்டு இதைச் சொருகினேன். அந்த அம்மா விற்ற எருமைகளுக்காகச் செய்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இரக்கம் என்று பெயர் வைத்தேன். காசு வாங்கியவனால் ஃபெயில் போட முடியவில்லை, அதுதான் விஷயம். அவனிடம் வாங்கிய கட்டணத்தில் என் பங்கு அப்போதே மீனம்பாக்கத்தில் உன் விமானத்துக்குப் பெட்ரோலாக எரிந்துவிட்டிருந்தது. நீ ஒரு நாளும் கேட்டதில்லை, ஒரு வெல்டர் எப்படி மகனைப் பறக்க வைக்கிறான் என்று. நானும் சொன்னதில்லை.

தேவராஜ் பாஸ். இனிப்பு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். நீயும் ஒன்று எடுத்துத் தின்றாய்.

மூன்றாவது மாதம், ஒரு பெரிய தொட்டியைக் கிரேனில் தூக்குவதற்காக, செயின் மாட்டும் இரும்புக் காதை அதன் மேல் பற்றவைக்க அவனிடம் சொன்னார்கள். "உன்னால முடியுமா?" என்று மேஸ்திரி கேட்டாராம். "நான் டெஸ்டுல பாஸானவன் சார்" என்று சொன்னானாம். கிரேன் தூக்கியது. ஒரு அடி எழும்பியதும் காது பிய்ந்துகொண்டு வந்தது. தொட்டி ஒரு மூலையாக இறங்கியது. அவனுடைய வலது பாதத்தின் முன்பாதி போய்விட்டது.

மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். அவன் தன் காலைப் பற்றிப் பேசவில்லை. "எங்க மாஸ்டர் தப்பு பண்ணேன்? டெஸ்டுல நல்லாத்தானே வந்துச்சு?" என்றுதான் கேட்டான். "உன் தப்பு இல்லடா. செயின் பழசு, வழுக்கி வெடுக்குனு இழுத்துட்டுது" என்றேன். செயினில் ஒரு குறையும் இல்லை. கம்பெனிக்காரர்களும் அந்தப் பேச்சோடு விட்டுவிட்டார்கள், அவர்களுக்கும் வசதியாக இருந்தது. இத்தனை வருஷமாக அவன் அந்த ஸ்டாண்டில் உட்கார்ந்துகொண்டு, போகிற வருகிறவர்களிடம், "நான் நல்ல வெல்டருங்க, செயின்தான் சதி பண்ணிருச்சு" என்று சொல்லிக்கொண்டிருக்கிறான். தினமும் ஷிப்டுக்குப் போகும்போது அவனிடம்தான் நான் சைக்கிளை விடுகிறேன். என்னிடம் டோக்கனுக்குக் காசு வாங்க மாட்டான்.

அவன் பாதத்தை நான் எடுத்தேன் என்று சொல்லலாம். அதைவிட மோசமான ஒன்றையும் எடுத்தேன். தன் கைக்கு எவ்வளவு தெரியும், எங்கே தெரியாது என்ற கணக்கு ஒவ்வொரு தொழிலாளிக்கும் உள்ளே ஓடும். முடியாது என்று அவனைச் சொல்ல வைப்பது அதுதான். என் தட்டை அவன் பெயரில் அனுப்பி அதை அவனிடமிருந்து பிடுங்கிவிட்டேன். மேஸ்திரி கேட்டபோது அவன் பொய் சொல்லவில்லை. முடியும் என்று நம்பினான்.

செவ்வாய்க்கிழமை காலை வண்டி பிடித்து மெட்ராஸ் போனேன். உன்னிடம் சொல்லவில்லை. மவுண்ட் ரோட்டில் அந்த ஏஜெண்டின் மாடி ஆபீஸுக்குப் போய், பையனுடைய அப்பா என்று சொன்னேன். நல்ல மரியாதை. நாற்காலி போட்டு, காபி வரவழைத்து, சுவரில் மாட்டியிருந்த போட்டோக்களைக் காட்டினார். பயிற்சிக் கூடத்தில் விமானம் போலவே ஆடுகிற ஒரு பெட்டி இருக்கிறதாம், அதற்குள் உட்கார்ந்தால் தரையிலேயே புயலில் பறக்கலாமாம். அந்நியச் செலாவணி அனுமதி எல்லாம் அவரே பார்த்துக்கொள்வாராம்.

"முடிச்சுட்டு வந்தா வேலை குடுக்கறோம்னு கம்பெனி எழுதிக் குடுக்குமா?" என்று கேட்டேன்.

"எழுதித் தரமாட்டாங்க ஐயா. ஆனா சான்ஸ் ரொம்ப அதிகம்."

"சரி. துட்டு கட்டுனவன்ல எத்தினி பேர தேறலன்னு திருப்பி அனுப்பினீங்கோ?"

அவருக்குப் புரியவில்லை. மறுபடி கேட்டேன். புரிந்ததும் முகம் மலர்ந்துவிட்டது. "ஐயா, அந்தக் கவலையே உங்களுக்கு வேண்டாம். நம்மகிட்ட ஃபெயில்ங்கற பேச்சே கிடையாது. கட்டினவங்க அத்தனை பேரும் சர்டிபிகேட்டோடதான் திரும்புவாங்க. கியாரண்டி."

"ஒருத்தன்கூடவா ஃபெயில் ஆவல?"

"ஒருத்தர்கூட இல்ல."

"ஃபெயில் ஆன ஒருத்தன காட்டுங்க சார். ஒரே ஒருத்தன். இங்கியே கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டுப் போறேன்."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். பக்கத்து மேஜைப் பெண்ணிடமும் சொல்லிச் சிரித்தார். "எல்லா அப்பாவும் பாஸானவனத்தான் காட்டச் சொல்வாங்க. இந்த ஆபீஸ்ல ஃபெயிலானவனக் கேட்ட முதல் ஆள் நீங்கதான்" என்றார். கெட்ட மனிதராகத் தெரியவில்லை. நானும் அப்படித்தான் இருந்தேன் அந்தக் கொட்டகையில்.

ஒருவேளை அந்த ஊரில் நல்ல ஆசிரியர் இருக்கலாம். உன் கையும் நல்ல கையாகவே இருக்கலாம், இருக்கும் என்றுதான் நம்புகிறேன். ஆனால் அந்தச் சர்டிபிகேட்டைப் பார்த்து உனக்கு எப்படித் தெரியும்? உன்னிடம் காசு வாங்கிய ஒருவன், நீ சந்தோஷமாகத் திரும்பினால்தான் அடுத்த பையன் வருவான் என்று இருக்கிற ஒருவன், உனக்கு நல்லது நினைத்தே உன் எண்ணைத் தன் தட்டில் குத்திவிட்டால்? எங்கள் தொட்டி ஒரு அடி உயரத்திலிருந்து விழுந்தது. நீ தூக்கப்போவது எவ்வளவு உயரம், உள்ளே எத்தனை பேர் என்று நான் எழுத வேண்டியதில்லை. மழையில், காற்றில், "உன்னால முடியுமா?" என்று ஒருநாள் உன்னைக் கேட்பார்கள். அன்றைக்கு நீ பொய் சொல்ல மாட்டாய். தேவராஜ் போலவே உண்மையாகவே நம்பிச் சொல்வாய்.

ஏஜெண்டிடமிருந்து திரும்பி வந்த பிறகு என்னால் இந்தக் கடிதத்தைத் தொடங்க முடியவில்லை. உன்னிடம் சொல்வதற்கு முன் சொல்ல வேண்டிய ஆள் ஒருவன் இருந்தான். புதன்கிழமை, கூட்டம் இல்லாத மத்தியான வேளையில், ஸ்டாண்டுக்குப் போய் அவன் பக்கத்தில் பலகையில் உட்கார்ந்தேன். சுற்றி வளைக்காமல் சொன்னேன். செயின் பழசு இல்லை. கம்பெனிக்குப் போன தட்டு உன்னுடையது இல்லை, என்னுடையது.

அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். ஒருத்தர் வந்து சைக்கிள் எடுத்தார். டோக்கனை வாங்கிப் பார்த்து, காசு வாங்கிப் பையில் போட்டுவிட்டுத்தான் என் பக்கம் திரும்பினான்.

"அப்ப என் தட்டு இன்னா ஆச்சு மாஸ்டர்?"

"வைஸ்ல வச்சேன். வெடிச்சுது."

"எவ்ளோ தூரம் வளைஞ்சுது?"

"பாதி வரைக்கும் வந்துது."

"பாதி வந்துச்சா" என்றான். உள்ளங்கையை நீட்டி, விரல்களைப் பாதி மடக்கிப் பார்த்தான். "இன்னும் ஒரு மாசம் அடிச்சிருந்தா முழுசா வந்திருக்கும்ல?"

"வந்திருக்கும்டா."

"அன்னிக்கே சொல்லிருக்கலாமே மாஸ்டர். எங்கம்மாகிட்ட எப்டியாவது சொல்லிட்டு ஒரு மாசம் இருந்திருப்பேனே."

இதை எழுதப்போகிறேன், உன் பெயரை மாற்றட்டுமா என்று அவனிடம் கேட்டேன். "எதுக்கு? நம்பரும் போடு, பேரும் போடு" என்றான். நான் எழுந்து என் சைக்கிளை எடுத்தபோது டோக்கனுக்குக் காசு கேட்டான். கொடுத்தேன்.

மகனே, வெள்ளிக்கிழமை பொன்னேரியில் போய் நிற்காதே. நான் வரமாட்டேன். மில்காரருக்கு இன்று காலையே ஆள் அனுப்பிவிட்டேன். இதனால் உன் வயது போகும், உனக்குப் பின்னால் நிற்பவன் முன்னால் போவான், நீ என்னோடு எத்தனை நாள் பேசாமல் இருப்பாய் என்பது எல்லாம் எனக்குத் தெரியும். நீ தப்பித்துப் போகக் கிடைத்த ஒரு கதவை உன் அப்பனே மூடினான் என்று நீ சொன்னால் அதையும் வாங்கிக்கொள்கிறேன். உன் லைசென்ஸ் சாகாமல் இருக்கத் தேவையான மணி நேரங்களுக்கு நான் ஓவர்டைம் பார்க்கிறேன். அது மானமான செலவு. பட்டியலில் உன்னோடு கிடக்கிற மற்றப் பையன்களைத் தேடிப் பிடி. எல்லோரும் சேர்ந்து அந்த விமானக் கம்பெனி வாசலில் போய், எங்களை எடுத்து உங்கள் செலவில் பழக்குங்கள், தேறாதவனை வெளியே தள்ளுங்கள் என்று கேளுங்கள். கேட்டால் உடனே கிடைத்துவிடும் என்று நான் சொல்லவில்லை. சங்கத்தில் இத்தனை வருஷம் இருந்தவன் அப்படிப் பொய் சொல்ல மாட்டான்.

உன்னை ஒருவன் தேறவில்லை என்று சொல்லக்கூடிய இடத்தில் போய் உட்கார். அவன் சொன்னால் வலிக்கும். அவன் ஒருநாள் ஒன்றும் சொல்லாமல் அடுத்தவனைக் கூப்பிட்டால், அன்றைக்கு நீ விமானி. அந்த விமானத்தில் உன் அம்மாவை நானே கூட்டிக்கொண்டு வந்து ஏற்றுவேன்.

உன் அப்பா